ஒன்பதாம் வகுப்பில் ஏறியவர்களைத் தேடிப் போனேன்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். காற்றடித்த மறுநாள் வாழைத்தோப்பு எப்படிக் கிடக்குமோ அப்படித்தான் என் கையெழுத்தும் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, சிலது வேரோடு பிடுங்கிக்கொண்டு கிடக்கும். பிழைகளும் இருக்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதை ஆறாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள் என்று நினைக்கிறேன். நான் ஐந்தோடு நின்றவன்.

பள்ளி ஆண்டு மலரில் போடவேண்டும், நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று பெரிய டீச்சர் (எங்கள் ஊர் மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை) ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதுதேன்" என்று என் மகள் பிரியா சொன்னாள். அவளிடம் பேனாவைக் கொடுத்தால் நான் இன்னும் பெரிய கோமாளியாகிவிடுவேன். இருக்கிற அளவு போதும் என்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். என் கல்யாணத்தில் போட்டோக்காரர் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றதும் மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டேன். அதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. படித்தவர்கள் எது கேட்டாலும் "ஆமா" என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டர், "வலி வயித்துலயா, நெஞ்சுலயா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். இரண்டு இடத்துக்கும் மருந்து கொடுத்தார்.

இப்படிப்பட்டவன் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் ஆனதும் கூச்சத்தால்தான். பெற்றோர் கூட்டத்தில், "யார் யார் குழுவுல சேருதீங்க?" என்று பெரிய டீச்சர் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று எழுந்தேன். எழுந்தது நான் ஒருவன்தான். கைதட்டிவிட்டார்கள்.

பிரியா பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷம் ஒருநாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாழைத்தார் ஏற்றிவிட்டு, கறை பிடித்த சட்டையோடு போய் நின்றேன்.

"முருகையா அண்ணாச்சி, வருசா வருசம் பிளஸ் டூ பரிட்சை எழுதினவங்கள்ல எத்தனை பேர் பாஸுன்னு கணக்குச் சொல்லுதோம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பரிட்சை வரைக்கும் வந்து சேராத பிள்ளைங்களை யார் எண்ணுதது?"

"ஆமா" என்றேன்.

"சீவலப்பேரியில இருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போற டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஜங்ஷன்ல இறங்கினவங்களை மட்டும் எண்ணினா எல்லாரும் வந்து சேந்துட்ட மாதிரி இருக்கும். சீவலப்பேரியில எத்தனை பேர் ஏறினாங்க, அவங்கள்ல எத்தனை பேர் ஜங்ஷன் போனாங்கன்னு பாக்கணும். அதுதான் சரியான கணக்கு. உங்க பிரியாவோட ஒன்பதாம் வகுப்புல சேந்தாங்கள்லா, அத்தனை பேரையும் அப்படி ஒரு பஸ்ஸா வச்சுப் பாக்கப்போறேன்."

நான் தினமும் போகிற பஸ் என்பதால் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் வாயும் திறந்துவிட்டது. "நடுவுல ஏறினவங்க, டீச்சர்?"

"மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டுல இருந்து குடும்பத்தோட மலையை விட்டுக் கீழ வந்து நம்மகிட்ட சேந்த பிள்ளைங்க உண்டும்லா, அவங்கதான். அவங்களையும் சேத்துக்கிடணும். டி.சி. வாங்கி வேற ஸ்கூலுக்குப் போனவங்க வேற பஸ்ஸுக்கு மாறினவங்க. அங்க சேந்ததுக்கு அத்தாட்சி இருந்தா கழிச்சிரலாம். 'எங்கயோ படிக்கான்'னு வாய்ச்சொல்லுக்குக் கழிக்க முடியாது."

"பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சுன்னா?"

பெரிய டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். "அது உதாரணம் அண்ணாச்சி. அதோட விட்டுருங்க."

பாதி வழியில் இறங்கியவர்கள் எங்கே என்று தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதுதான் என் வேலை. பையன் இப்போது எங்கே இருக்கிறான், பன்னிரண்டு முடித்தானா, என்ன வேலை செய்கிறான், எவ்வளவு சம்பாதிக்கிறான், உடம்புக்கு ஏதும் உண்டா, கெட்ட பழக்கம் ஏதும் வந்து படிப்பை நிறுத்தினானா என்று கேட்கவேண்டும். "பக்குவமா கேளுங்க. படிப்பை நிறுத்தினவங்க பட்டியல்னு சொன்னா வீட்டுக் கதவைச் சாத்திருவாங்க" என்று சொல்லித்தான் அந்தப் பட்டியலைக் கொடுத்தார்.

நான் அதைவிடப் பக்குவமானவன். படிப்பை நிறுத்தியவன் வீட்டு வாசலில் போய், படிப்பை நிறுத்திய நானே, "ஏன் நிறுத்தினே?" என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். (இரண்டையும் இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.) முதல் முடிவு, பட்டியலில் நம் சொந்தக்காரப் பையன்கள் யாரோ அவர்களிலிருந்து தொடங்குவது. இரண்டாவது, நேரே வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் சுற்றி வளைத்துக் கேட்பது.

முதல் பெயர் மாரிச்செல்வம். பக்கத்து ஊர் லட்சுமி அக்காவின் மகன்; தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் பிரியாவைவிட மூன்று வயது மூத்தவன். எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவள் மகன் என் மகளுக்கு முறைமாப்பிள்ளை ஆவான் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். என் புத்தி முழுக்க பஸ்ஸில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு (பள்ளி வேலையாயிற்றே, மரியாதை வேண்டாமா) மொபெட்டில் அந்த ஊர் டீக்கடைக்குப் போனேன். டீ வாங்கினேன். குடித்தேன். இன்னொரு டீ வாங்கினேன். மெதுவாகத் தொடங்கினேன்.

"அண்ணாச்சி, நம்ம லட்சுமி அக்கா மகன் மாரிச்செல்வம் இப்ப என்ன செய்யுதான்?"

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினார். "ஏன்வே கேக்கீரு?"

"சும்மாதான் கேட்டேன்."

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவன், வெளியூர் டீக்கடையில் ஒரு பையனைப் பற்றி "சும்மாதான்" கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள்.

கடைக்காரர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "தங்கமான பயவே. லோடு ஆட்டோ ஓட்டுதான். கைநெறைய சம்பாத்தியம். தாயை உக்காத்தி வச்சுச் சோறு போடுதான்."

"பழக்கம் ஏதும்..."

"டீ தவிர ஒண்ணும் கெடையாது. அதுவும் சக்கர கம்மி."

"உடம்புக்கு ஏதும்..."

"போன கோயில் கொடையில சாமி சப்பரம் தூக்கினான்வே. அவன் நின்ன மூலைதான் ஒசந்து நின்னுது."

"பன்னெண்டு முடிச்சானா, அண்ணாச்சி?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அது இல்ல. பதினொண்ணோட நின்னுட்டான். அதெல்லாம் இப்ப யாருவே பாக்கா?"

"அதைத்தான் முக்கியமா பாக்கோம்" என்றேன். "மத்ததெல்லாம் இருந்தும் பன்னெண்டு முடிக்கலன்னா ஒண்ணும் செய்யதுக்கில்ல."

பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை. கல்விக்கு இந்த ஊரில் எவ்வளவு மதிப்பு என்று நெகிழ்ந்துபோய் மொபெட்டை உதைத்தேன்.

அடுத்த இரண்டு பையன்களும் வேறு வேறு ஊர். அங்கே நான் போவதற்கு முன்னாலேயே எனக்கு வரவேற்பு இருந்தது. ஒரு ஊரில் முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்து, வெட்டத் தேவையில்லாத தலையைக் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்குமுன்னே கடைக்காரரே சொன்னார்: "பல்வரிசை அம்சமா இருக்கும் அண்ணாச்சி. கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்லட்டுமா? ஒசரந்தான் லேசா கம்மி. ஒங்க பிள்ள ஒசரமோ?"

பள்ளிக்கூடக் கணக்கில் உயரம் எதற்கு என்று புரியாமல், "ஆமா" என்றேன். ஒருவேளை பஸ்ஸில் தலை இடிக்குமோ என்னவோ.

அந்த வாரமே லட்சுமி அக்கா ஆளனுப்பி வீட்டுக்குக் கூப்பிட்டாள். போனால் வாழைக்காய் பஜ்ஜி, மைசூர்பாகு, காப்பி. எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டு விரித்திருந்தார்கள். மாரிச்செல்வம் இஸ்திரி போட்ட சட்டையில், எதற்கென்று தெரியாமல், நிலைப்படியில் நின்றான்.

"இங்கன வந்து நில்லுலே. மாமா பாக்கட்டும்" என்றாள் அக்கா. வந்து நின்றான். "அங்கன போ." போனான். "நடையைப் பாத்தியா, தம்பி?"

நான் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'உடல்நலம் நன்று' என்று எழுதிக்கொண்டேன்.

"படிப்பு ஒண்ணுதான் குறைன்னு சொன்னியாம்."

"ஆமாக்கா. அதை முடிச்சிட்டான்னா வேற ஒண்ணுமே வேண்டாம். பெரிய டீச்சரும் அதைத்தான் சொல்லுதாங்க."

"பெரிய டீச்சரே முன்ன நின்னு பேசுதாவளா?" அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "எங்களுக்கும் ஒண்ணும் செய்யாண்டாம் தம்பி. நகை நட்டுன்னு வாய் தொறக்க மாட்டோம்."

அவள் ஏன் நகையைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பரீட்சைக்குப் பணம் கட்ட நகையை அடகு வைக்க வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறாள் போல என்று எனக்குத் தோன்றியது. ஆறுதலாகச் சொன்னேன்: "செலவே இல்லக்கா. எல்லாத்தையும் கவர்மெண்டு பாத்துக்கிடும்."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நான் வீடு திரும்பியபோது வாசலில் என் மைத்துனன் தங்கராசு நின்றான். வள்ளியூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான் என்றால் ஏதோ பெரிய காரியம்.

"அத்தான், ஒரு தாய்மாமன் உயிரோட இருக்கேனா, இல்லையா?"

"ஆமா" என்றேன்.

"பிறகு எனக்குத் தெரியாம மாப்பிள்ள பாக்கிய. ஒண்ணு இல்ல, மூணு ஊர்ல. கடைக்குச் சீரகம் வாங்க வந்தவன் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. என் தலைக்கு மேல தேங்கா ஒடச்சிருக்கிய, அத்தான்."

உள்ளே இருந்து என் மனைவி சொர்ணம் வந்தாள். "எனக்கே சொல்லல, ஒனக்கு எங்க சொல்ல? பிள்ள பரிட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா. இந்த மனுசன் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டு ஊரு ஊரா பஜ்ஜி திங்காரு."

"இல்ல சொர்ணம்..." என்று தொடங்கினேன். எங்கே தொடங்குவது? பஸ்ஸிலிருந்தா? "டீச்சர் சொன்னாங்க, சீவலப்பேரி பஸ்ஸுல ஏறினவங்க..."

"பஸ்ஸுல பாத்த பயலா?" என்றான் தங்கராசு. என்னைப் பேசவிடாமல் அவர்கள் பேசினார்கள். பேசவிட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் பிரியா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கு நர்சிங் படிக்கவேண்டும் என்பது ஒரே எண்ணம். பத்தாம் வகுப்பிலேயே என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைப்பாள், போய்விடுவாள். பரீட்சைப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் வேறு காரியம் செய்திருந்தாள். பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயசில் கல்யாணம் பேசினால் கூப்பிடச் சொல்லிப் பள்ளிச் சுவரில் ஒரு எண் எழுதியிருக்கிறார்கள். அதைக் கூப்பிட்டு என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. குழுக் கூட்டத்தன்று, விசாரித்த பட்டியலோடு, அதே வெள்ளை வேட்டியில், பெருமையாகப் பெரிய டீச்சர் அறைக்குள் போனேன். அங்கே பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பிரியா. அவள் கண் சிவந்திருந்தது. பெரிய டீச்சர் முகத்தைப் பார்த்தால், நான் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தவன் மாதிரி இருந்தது.

"நீங்கதான் முருகையாவா? நான் குழந்தைகள் பாதுகாப்புல இருந்து வாரேன்" என்றார் அந்த அம்மா.

"ஆமா."

"உங்க மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கீங்களா?"

படித்தவர், கண்ணாடி போட்டவர், என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். என் வாய் என்ன செய்யுமோ அதையே செய்தது. "ஆமா."

பிரியா மேசையில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "எங்க அப்பா கெட்டவரு இல்ல, மேடம். யார் என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிருவாரு. யாரோ பொண்ணு கேட்டிருப்பாங்க. இவரும் ஆமான்னு தலையாட்டியிருப்பாரு. எனக்குப் பரிட்சை மட்டும் எழுதணும்."

என் மகள் என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மொபெட் சத்தம், ஆட்டோச் சத்தம். (வெள்ளை வேட்டியில் நான் பெரிய டீச்சரைப் பார்க்கப் போகிறேன் என்ற சேதி எனக்கு முன்னாலேயே பரவியிருந்ததாம்.) முதலில் தங்கராசு உள்ளே வந்தான். "எந்த முடிவா இருந்தாலும் தாய்மாமன் இல்லாம எடுக்கக் கூடாது" என்றான். அவன் பின்னாலேயே லட்சுமி அக்கா, தாம்பூலத் தட்டில் பழத்தோடு. அவளுக்குப் பின்னால் இஸ்திரிச் சட்டையில் மாரிச்செல்வம். அக்கா நேராகப் பெரிய டீச்சரிடம் போய் மேசைமேல் தட்டை வைத்தாள்.

"நீங்க முன்ன நின்னு நடத்திவைக்கிறதா தம்பி சொன்னான். கவர்மெண்டு செலவுங்கான். ஒங்களைப் போல உண்டா, டீச்சர்?"

குழந்தைகள் பாதுகாப்பு அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தார்.

பெரிய டீச்சர் எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, மொத்தம் எத்தனை பேரைப் பாத்தீங்க?"

"இதுவரைக்கும் மூணு பேரு, டீச்சர். பட்டியல்ல மிச்சம் இருக்கவங்களையும் பாத்துருதேன்."

"மாப்பிள்ளைக்குப் பட்டியலா? எந்தப் பட்டியல்?" என்றார் பெரிய டீச்சர்.

"நீங்க குடுத்ததுதான்."

குழந்தைகள் பாதுகாப்பு அம்மா பேனாவை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். பெரிய டீச்சர் வாங்கிப் பார்த்தார். மாரிச்செல்வம், லோடு ஆட்டோ, கைநிறையச் சம்பாத்தியம், பழக்கம் இல்லை, சர்க்கரை கம்மி, உடல்நலம் நன்று, பன்னிரண்டு முடிக்கவில்லை. அடுத்த பெயர்: பல்வரிசை நன்று, உயரம் கம்மி.

படித்துக்கொண்டே இருந்தவர் பைய உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுக்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல், கண்ணில் நீர் வழிய. பேச முடிந்ததும் சீவலப்பேரி பஸ்ஸை முதலிலிருந்து எல்லாருக்கும் ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கராசு மட்டும் கடைசிவரை, "பஸ்ஸுல பாத்த பய யாருன்னு இன்னும் சொல்லலியே" என்றுதான் கேட்டான்.

பிரியா தலையைத் தூக்கினாள். "அப்ப நெசமா மாப்பிள்ள பாக்கலையாப்பா?"

அன்றைக்குத்தான் ஒரு கேள்விக்கு முதல்முறையாக "இல்ல" என்று சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "இல்ல பிள்ள. நீ படிக்கணும்" என்று இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

லட்சுமி அக்கா தட்டைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மாரிச்செல்வத்துக்குக் கோபம். "நாலு நாளா எங்கம்மா என்னை ஒக்காத்தி வச்சுப் புத்தகத்தை எடுன்னு உசிரை எடுக்கா. நானும் தூசி தட்டி எடுத்துப் பாதி படிச்சிட்டேன். பொண்ணே இல்லன்னா நான் எதுக்கு மாமா பன்னெண்டு முடிக்கணும்?"

பதில் பிரியாவுக்குத் தெரிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பன்னெண்டு முடிக்காதவனை நான் கட்ட மாட்டேன். முடிச்சவனையும் கட்ட மாட்டேன். ஆனா பாதி படிச்சிட்டேல்லா, மீதியை யாரு வந்து படிப்பா?"

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரிய டீச்சர் அந்தச் சூட்டோடு அவனை உட்காரவைத்து, திரும்பச் சேர்வதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். தட்டில் இருந்த பழத்தைப் பாதுகாப்பு அம்மா உட்பட எல்லாரும் சாப்பிட்டோம்.

பிரியா பரீட்சை எழுதி, இப்போது பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். அடுத்த வருஷப் பிள்ளைகளோடு மாரிச்செல்வமும் பன்னிரண்டு எழுதித் தேறினான். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான்.

"மாமா, இப்ப என் பேரு பட்டியல்ல ஏறிருமா?"

நான் பெரிய டீச்சரிடம் கேட்டேன். உரிய வருஷத்தில் முடிக்காததால் அந்தக் கணக்கில் வராது என்றார். ஆனால் தாமதமாக முடித்தவர்கள் என்று கீழே தனியாக ஒரு வரி போடுவார்களாம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தாலும் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டான் அல்லவா? அந்த வரியில் இப்போதைக்கு அவன் பெயர் மட்டும்தான். பல்வரிசைப் பையன் பிரைவேட்டாகப் பரீட்சை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பையன் என்னைக் கண்டால் ஓடுகிறான்.

தங்கராசு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. வீட்டில் நான் கரண்ட் வேலைக்கு வந்த ஆளின் பெயரைக் கேட்டாலும், சொர்ணம் அடுப்படியில் இருந்து, "பன்னெண்டு முடிச்சானான்னும் கேட்டுக்கிடுங்க" என்கிறாள். பக்கத்து ஊர் டீக்கடையில் எனக்கு இப்போது டீக்குக் காசு வாங்குகிறார்கள். பழைய இரண்டு டீக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். பிரியா விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "நீங்க அஞ்சாம் வகுப்புல இறங்கி இன்னும் ஸ்டாப்புலயே நிக்கியப்பா. எப்ப ஏறப்போறிய?" என்கிறாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆமா என்று சொல்லவில்லை.

இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போது சொர்ணம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமா யாரைப் பத்தி எழுதுதிய?"

"சும்மாதான்" என்றேன்.

விடுமுறைக்கு வந்திருக்கிற பிரியா உள்ளே சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஆவணி மாதம் மூன்றாம் தேதி.